வெள்ளைக்காரன் ஊற்றிய எண்ணெய்

மரணத்தின் முன்னால் மனிதர் எல்லாரும் சமம் என்பதை முல்லைத்தீவுக் கரையில் மறுத்துப் பேசியவர் கிடையாது. சுவாமியார் வருசத்தில் நாலு தடவையாவது கோயிலில் அதைச் சொல்லுவார். ஆனால் யாக்கோப்புச் சம்மாட்டியார் கண்ணை மூடிய அன்று, அந்தச் சமத்துவம் பின்னேரம் நாலு மணிவரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. காரின் கியர் வேலை செய்யுமா என்பது முதலில் தெரியவேண்டும்.

மூத்த மகன் மரியநேசன் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். புதுக்குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வந்திருந்த மெக்கானிக் ஏரம்பு, காருக்கடியில் நிழலுக்குக் கிடந்த பூனைகளை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தான் மல்லாந்தார்.

ஆறு வருசத்துக்கு முன், தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம் சம்மாட்டியார் வாங்கிய அமெரிக்கன் கார் அது. நாலு தோணியும் இரண்டு கரைவலையும் வைத்திருந்த மனிதருக்கு அவற்றைப் பற்றிய கதையே அதன்பிறகு இல்லாமற் போயிற்று. பின்பக்கம் நீண்டு, பின்னாலேயே கதவு திறக்கும் கார். கிளச் கிடையாது, கியர் தானாக மாறும். அந்தத் 'தானாக' என்ற சொல்லை, மற்றவர்கள் 'ஆண்டவர்' என்று சொல்லும் குரலில் அவர் சொல்லுவார். மீன்கூடை காரின் கிட்டப் போகக்கூடாது. ஏறுகிறவர்கள் கால் கழுவிவிட்டு ஏறவேண்டும். கியர்பெட்டிக்குள் இருப்பது வெள்ளைக்காரன் ஊற்றிய எண்ணெய். கார் உள்ளளவும் அதை மாற்றத் தேவையில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். "என்னை வீட்டிலயிருந்து ஆரும் தோளில தூக்கப்படாது. கோயிலுக்கு நான் என்ர காரிலதான் போவன்."

இப்போது அந்தக் கார் அலறியது; நகரவில்லை. பிறகு திடீரென்று குலுங்கிப் பாய்ந்து, முருங்கைமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"கியர் வழுக்குது தம்பி," என்றார் ஏரம்பு. "எண்ணெயும் ஒழுகுது. மாத்தி எவ்வளவு காலம்?"

"ஒருக்காலும் மாத்தேல்லை."

"இப்ப மாத்தினா ஒண்டில் நல்லா ஓடும், ஒண்டில் அசையவே அசையாது. உள்ளுக்குள்ள கிடக்கிற ஊத்தைதான் இவ்வளவு நாளும் பிடிச்சு இழுத்ததோ, ஆர் கண்டது?"

"மாத்தாட்டி?"

"கோயில் அரைக் கட்டை தூரம்தானே. போனாலும் போகும். பெட்டியோட நடுறோட்டில நிண்டாலும்…" ஏரம்பு கையைத் துடைத்தார்.

மாற்றுவதற்கு எண்ணெய் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன் மரியநேசனே கொழும்பிலிருந்து ஐந்து டின் கொண்டுவந்திருந்தான். அப்பா ஒன்றையும் உடைக்க விடவில்லை. விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில், அந்தோனியார் சுரூபத்துக்கு இரண்டு பக்கமும் அடுக்கிவைத்து, வருகிறவர்களுக்குக் காட்டினார். இப்போது அந்த அலுமாரிக்கு முன்னால்தான் அவரைக் கிடத்தியிருந்தது.

மரியநேசன் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தபோது, மாமி றோசம்மா ஒப்பாரியை நிறுத்தினாள். சம்மாட்டியாரின் ஒரே தங்கச்சி.

"என்னடா தேடுறாய், இந்த நேரத்தில?"

"கார் இழுக்குதில்லை மாமி. எண்ணெய் மாத்தவேணும் போல."

"அப்ப மாத்தன்! கேட்டுக்கொண்டு நிக்கிறாய். அண்ணையைத் தோளில காவிக்கொண்டு போனா நாளைக்கு ஊர் என்னைப் பாத்துச் சிரிக்குமடா."

அவள் 'என்னை' என்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

தலைமாட்டில் இருந்த அம்மா புனிதம் காலையிலிருந்து அழவில்லை. செபமாலையைச் சம்மாட்டியாரின் விரல்களுக்குள் சரிசெய்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "மாத்தாதை."

"ஏனம்மா?"

"மாத்தாதை எண்டுறன்."

டின்களை எடுக்காமல் முற்றத்துக்கு வந்தான். அதற்குள் ஏரம்பு ஒரு தகரப் பேசினைக் காருக்கடியில் வைத்திருந்தார். அதைச் சுற்றி, சாவீட்டுக்கு வந்த ஆண்களில் பாதிப்பேர் குந்தியிருந்தார்கள்.

"வெள்ளைக்காரன்ர எண்ணெய் நல்ல சிவப்பாமே, ஒருக்காப் பாப்பம்," என்றார் ஒருவர்.

"பாக்கவும் கால் கழுவவேணுமோ தெரியாது," என்றார் மற்றவர். துக்கத்துக்குப் பொருந்துகிற அளவில் சிரித்தார்கள்.

மரியநேசன் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினான். கருத்துப்போய் நுனியில் பிசுபிசுத்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

சுறா எண்ணெய். ஈரலைக் காய்ச்சி வடித்து, தோணிப் பலகைக்குப் பூசுவது.

அந்த மணம் அவனுக்குத் தெரியும். விடியற்காலைகளில் அப்பா கோயிலுக்குப் புறப்படும்போது அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுவார். அந்த விரலில் இருக்கும். ஒருவருக்கும் தெரியாமல் தோணிகளைத் தடவிப் பார்க்கப் போய்வருகிறார் என்றே அவன் நினைத்திருந்தான். அந்த நினைப்பில் அவனுக்கு ஒரு சந்தோசமும் இருந்தது.

குசினி வாசலில் அம்மா நின்றாள். கம்பியோடு அங்கே போனான்.

"கிழமைக்கு ஒருக்கா, விடியமுன்னம் ஊத்துவார்," என்றாள் மெல்ல. "டின்னை உடைச்சா, கார் பழுதோவெண்டு ஆக்கள் கேப்பினமாம். தோணிக்கு நல்லது காருக்குக் கூடாதோவெண்டு என்னட்டைக் கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ரெண்டும் உங்கடைதானே எண்டனான்."

அவன் திரும்பியபோது ஏரம்புவின் சாவி கியர்பெட்டியின் அடி நட்டைப் பிடித்திருந்தது.

"கழட்டவோ?"

குந்தியிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள்.

மரியநேசன் கம்பியைத் தன் புது வேட்டித் தலைப்பில் துடைத்து, அந்த மடிப்பை இடுப்புக்குள் செருகிக்கொண்டான். "வேண்டாம் ஏரம்பண்ணை. சிவப்பாத்தான் இருக்கு."

ஏரம்பு அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பார்த்தார். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார்.

"உங்கட அப்பான்ர கார்," என்று சாவியைப் பைக்குள் போட்டார்.

நாலு மணிக்குச் சம்மாட்டியார் காரில் புறப்பட்டார். சிலுவை முன்னால், பாண்ட் வாத்தியம் அதற்குப் பின்னால், மரியநேசன் ஓட்ட, கார் நடையிலேயே போயிற்று. மதகடி ஏற்றத்தில் எஞ்சின் அலறத் தொடங்கியது. கார் நின்றது, பின்னுக்கு ஒரு சாண் வழுகியது. பின்னால் நடந்துவந்த ஏரம்பு பெட்டிக்குப் பக்கத்தில் காரின்மேல் கையை வைத்தார். அதைப் பார்த்து வலைகாரர் ஒவ்வொருவராய் வந்து கைவைத்தார்கள். எல்லாருடைய தலையும் குனிந்திருந்தது; கால்கள் மட்டும் மணலில் புதைந்தன. சம்மாட்டியார்மேல் அவர்களுக்கு இவ்வளவு அன்பா என்று றோசம்மா மாமி புதிதாய் அழுதாள். கார் தானாக ஏறியது.

அடியிலிருந்து புகையும் மணமும் வரத்தொடங்கியபோது, மரியநேசன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, சாம்பிராணியை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.

கோயில் வாசலில் எஞ்சினை நிறுத்தினான்.

பூசையில் சுவாமியார், மரணத்தின் முன்னால் எல்லாரும் சமம் என்றார். பூசை முடிந்து, சேமக்காலையில் அடக்கம் செய்யப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தார்கள்.

காருக்குக் கீழே ஐந்து பூனைகள் நிலத்தை நக்கிக்கொண்டிருந்தன.