ஆரிஃபா வீட்டு டம்ளர்

மணி பன்னிரண்டு இருபது. கமலவல்லிக்கு மிச்சமிருந்தது மூன்று மணி நாற்பது நிமிடம். தலைக்குள் ஒரு கோடு கூட இல்லை.

நான்கு மணிக்கு ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில், சுண்ணாம்பு வாசனை போகாத ஒரு புதுக் கடையில், உமாமகேஸ்வரி காத்திருப்பார். லால்குடிப் பக்கத்து இருபத்திரண்டு பெண் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு அவர்தான் செயலாளர். தங்கள் வயல் நெல்லைத் தாங்களே அரைத்து, தாங்களே பையில் போட்டு, தாங்களே விற்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை கடைத் திறப்பு. அரிசி தயார், தராசு தயார், பந்தலுக்குக் கூடச் சொல்லியாகிவிட்டது. பைதான் இல்லை. பையின் முகத்தை வரைய வேண்டியவள் கமலவல்லி.

முதல் தடவை அவள் கோபுரம் போட்டுக் கொண்டுபோனாள். உமாமகேஸ்வரி பார்த்தார். ஸ்ரீரங்கத்தில் கோபுரம் இல்லாத பை எங்கேயம்மா இருக்கிறது என்று கேட்டார். இரண்டாம் தடவை நெற்கதிர், பின்னால் சூரியன். அவர் உள்ளே போய் ஐந்து வெவ்வேறு கம்பெனிகளின் காலிப் பைகளை எடுத்து வந்து வரிசையாக மேஜையில் வைத்தார். ஐந்திலும் நெற்கதிர். மூன்றில் சூரியன்.

“பார்த்த உடனே இது எங்க அரிசின்னு தெரியணும். புதன்கிழமை நாலு மணி. அதுலயும் சரி வரலைன்னா மெட்ராஸ்ல ஒரு கம்பெனிகிட்ட கொடுத்துடுவோம். தப்பா எடுத்துக்காதம்மா.”

இன்றுதான் அந்தப் புதன்கிழமை.

தென்னூரில் ஒரு அச்சகத்தில் ஆறு வருடம் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து பிளெக்ஸும் போட்டவள் கமலவல்லி. பிள்ளையார் இடது மூலையில், ரோஜாப்பூ வலது மூலையில். மாற்றினால் பார்ட்டி அடிக்க வருவான் என்பார் முதலாளி. மூன்று மாதத்துக்கு முன்னால், இனி என் மண்டையில் உதிப்பதைத்தான் வரைவேன் என்று அறிவித்துவிட்டு வெளியே வந்தாள். முதலாளி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டேன், எந்தத் திங்கட்கிழமையானாலும் வா என்று சொல்லி அனுப்பினார். இன்று நான்கு மணிக்கு உமாமகேஸ்வரி தலையை ஆட்டாவிட்டால், வருகிற திங்கட்கிழமையே அந்த நாற்காலியில் அவள், இடது மூலையில் பிள்ளையார்.

காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். அவளுக்கு ஒரு பிளாக் உண்டு. பெயர் ‘வண்டிய நிறுத்து’. போகிற வழியில் ஏதாவது கண்ணில் சிக்கினால் வண்டியை நிறுத்துவாள், ஒரு போட்டோ எடுப்பாள், ஞாயிற்றுக்கிழமை நான்கு வரி எழுதிப் போடுவாள். சோடா பாட்டில் அடுக்கியிருக்கும் அழகு, மினி பஸ்ஸின் பின்கண்ணாடியில் டிரைவர் ஒட்டிய மகளின் பெயர், இப்படி. வாசகர்கள் மொத்தம் அறுபத்தொரு பேர். அதில் பத்துப் பேர் சொந்தக்காரர்கள். ஆனால் கடந்த எட்டு வாரமாக வண்டி எங்கேயும் நிற்கவில்லை. இன்று காலையும் பாலக்கரை, காந்தி மார்க்கெட், தெப்பக்குளம் என்று ஐந்து மணி நேரம் சுற்றினாள். எல்லாமே ஏற்கெனவே பார்த்த படம்போல இருந்தது. பசி வந்ததுதான் மிச்சம்.

கைலாசபுரத்துக்குத் திரும்பினாள். அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குடியிருப்பு. மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், வேப்ப மரம். அடுத்த வீடும் மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், வேப்ப மரம். அடுத்த தெருவும் அப்படியே. இருபத்தாறு வருடமாகப் பழகிய பாதை என்பதால் கை தானாகத் திருப்பியது, கால் தானாக ஸ்டாண்டைத் தள்ளியது. மூளை மட்டும் அரிசிப் பையில் இருந்தது.

கதவு திறந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தாள். சமையலறைக்குள் போனாள். குழாய்க்கு இடது பக்கத் தட்டிலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். அண்ணாந்து குடித்தாள்.

ஜன்னல் வெளிச்சம் டம்ளரின் விளிம்பில் பட்டது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஏதோ மினுங்கியது. பாத்திரக் கடை மெஷினில் வெட்டிய பெயர்.

எஸ். மீரான்.

கமலவல்லி தண்ணீரை விழுங்காமல் அப்படியே நின்றாள். அவள் அப்பா பெயர் தாயுமானவன். மீரான் யார்? மெல்லத் திரும்பினாள். காலண்டர் வேறு. கடிகாரம் வேறு. பிரிட்ஜ் கூட வேறு நிறம்.

பின்வாசலில் காலடிச் சத்தம். ஈரத்துணி வாளியோடு ஒரு பெண் உள்ளே வந்தார். மீரானின் மனைவி, அடுத்த தெரு ஆரிஃபா. அவர் அலறவில்லை. குடியிருப்பில் இது நடப்பதுதான். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கமலவல்லியின் அப்பாவே ஒரு முறை இதே வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்து, பத்து மணி வரை தூங்கியிருக்கிறார்.

ஆரிஃபா வாளியைக் கீழே வைத்தார்.

“அப்பனும் பொண்ணும் சொல்லி வச்சுக்கிட்டு வருவீங்க போல. பாய் போடட்டுமா?”

“சாரி ஆன்ட்டி. யோசனையில ஒரு தெரு முன்னாடியே திரும்பிட்டேன்.”

“யோசனையா? அப்புறம் ஏன் எட்டு வாரமா வண்டி எங்கயும் நிக்கல? ஞாயித்துக்கிழமை ஆனா போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்குறேன், ஒண்ணையும் காணோம்.”

அறுபத்தொருவரில் ஒருத்தி தன் எதிரிலேயே நிற்பது கமலவல்லிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கண் அந்த டம்ளரை விட்டு நகர மறுத்தது.

புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கடுகில் பாதி. தனியாகப் பார்த்தால் வெறும் கீறல். சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆளின் பெயர். வேறு எந்தக் கடிதத்திலும், எந்தப் போர்டிலும் இல்லாத எழுத்து இது. ஆனால் எந்தத் தமிழ் வீட்டில் இல்லை? பார்த்த உடனே யாருடையது என்று தெரிந்துவிடும். அதற்காகத்தானே வெட்டுகிறார்கள்!

“ஆன்ட்டி, உங்க பாத்திரம் எல்லாத்தையும் கொஞ்சம் இறக்குங்களேன்.”

“எதுக்கு?”

“வண்டி நின்னுடுச்சு.”

ஆரிஃபா ஸ்டூலைப் போட்டு ஏறினார். மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது. இருதயமேரி என்று வெட்டிய பால் சட்டி, கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்தது. ராஜ்மோகன், நாகர்கோவில் என்று வெட்டிய டிபன் டப்பா. பிச்சை இல்லக் காதணி விழா என்று தேதியோடு ஒரு தட்டு. தமிழ்நாட்டின் பாதி ஊர்கள் அந்த ஜன்னல் திட்டில் வரிசை கட்டி நின்றன. பிறகு ஒரு மூடி போட்ட தூக்கு வந்தது. கமலவல்லி வாங்கித் திருப்பினாள்.

ச. சித்ராதேவி.

அவள் அம்மா! மூன்று வருடமாக வீடே தலைகீழாகத் தேடிய தூக்கு. பால்காரரில் ஆரம்பித்துச் சொந்த நாத்தனார் வரை அம்மா சந்தேகப்படாத ஆள் இல்லை.

“பொங்கலுக்குப் பாயசம் கொடுத்தாங்க,” என்றார் ஆரிஃபா, கொஞ்சம்கூட அசராமல். “காலித் தூக்கா எப்படித் திருப்பிக் கொடுக்கிறது? நல்லா ஏதாவது செஞ்சு போட்டுக் கொடுக்கலாம்னு வச்சேன். நான் செய்யிறப்பல்லாம் உங்கம்மா ஊர்ல இல்ல. எங்க பிரியாணிச் சட்டி உங்க வீட்டுலதான் கெடக்கு, நான் ஏதாச்சும் கேட்டேனா?”

கமலவல்லி போனை எடுத்து ஒவ்வொரு பெயரையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் பிடித்தாள். ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து லேப்டாப் வந்தது. ஆரிஃபாவின் சாப்பாட்டு மேஜையே ஆபீஸ் ஆனது. நேர்கோட்டில் மூன்று புள்ளி போதுமா, நான்கு வேண்டுமா? வளைவில் மெஷின் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல் வேண்டும். ரொம்பச் சுத்தமாக வரைந்தால் உயிர் போய்விடுகிறது. குழுவின் பெயர்ப் பட்டியலில் முதல் பெயரை எடுத்து ‘கா’ போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். நடுவில் யாரோ தட்டில் தயிர் சாதமும் மாங்காயும் வைத்தார்கள், யாரோ சாப்பிட்டார்கள். இரண்டுமே யார் என்று அவள் கவனிக்கவில்லை.

போன் அடித்தது. அம்மா. சாப்பாடு ஆறுகிறது, எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள்.

“நம்ம வீட்டுலதாம்மா. அடுத்த தெருவுல.”

மணி இரண்டு ஐம்பது. ஸ்கூட்டர் பறந்தது. திருவெறும்பூர், பால்பண்ணை, லாரிகள், தூசி. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரிண்ட் கடையில் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஷீட் எடுத்தாள். கரண்ட் போய் எட்டு நிமிடம் கழித்து வந்தது. அந்த எட்டு நிமிடத்தில் நகத்தில் பாதி காணாமல் போனது. காவிரிப் பாலத்தில் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து ஊதியது.

கடைக்குள் நுழைந்தபோது நான்கு மணி இரண்டு நிமிடம். உமாமகேஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் லால்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

கமலவல்லி அங்கேயிருந்த பெயர் இல்லாத ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றில் அந்த ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டி மேஜையில் நிறுத்தினாள். எவர்சில்வர் போலப் பளபளக்கும் பை. கோபுரம் இல்லை, கதிர் இல்லை, சூரியன் இல்லை. நடுவில் புள்ளி எழுத்தில் ஒரே ஒரு பெயர்.

காளியாயி அம்மாசி, லால்குடி.

உமாமகேஸ்வரி கண்ணாடியை மாட்டினார். பையைத் தூக்கினார், சாய்த்தார், திருப்பினார். பாயில் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். விரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“எங்க வீட்டுல அண்டா குண்டா எல்லாத்துலயும் எங்க மாமியா பேருதான். இது எம் பேருல்ல?”

“ஆமாங்க. யார் வயல்ல விளைஞ்சதோ அவங்க பேரு அந்தப் பையில. இருபத்திரண்டு பேருக்கும்.”

காளியாயி பையைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டார். ஆனால் உமாமகேஸ்வரி இன்னும் தலையை ஆட்டவில்லை.

“எங்களுக்கு நல்லாத்தாம்மா இருக்கு. வாங்குறவங்களுக்கு? ஸ்ரீரங்கத்துல இருக்கிறவங்களுக்கு காளியாயி யாருன்னு எப்படித் தெரியும்? கம்பெனிப் பேரு இருந்தாத்தானே நம்பிக்கை.”

ஐந்து மணி நேரம் ஊரைச் சுற்றிய கமலவல்லி, வாங்குகிறவர் பக்கம் போய் நிற்கவே மறந்துவிட்டாள். தென்னூர் நாற்காலி கண்ணில் ஆடியது.

அப்போது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. மடிசார்ப் புடவை, கையில் துளசிக் கூடை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் சுபலட்சுமி. புதுக் கடை எப்போது திறக்கிறது என்று விசாரிக்கத்தான் வந்தார். கண் நேராகக் காளியாயியின் இடுப்பில் இருந்த பளபளப்புக்குப் போனது. கிட்டே வந்து குனிந்து படித்தார்.

“யாராத்துப் பாத்திரம் இது? காளியாயின்னு வெட்டியிருக்கே.”

“நாந்தாங்க காளியாயி. பாத்திரமில்ல, அரிசி.”

“நீங்க விளைவிச்சதா? சாதம் உதிர் உதிரா வருமோ?”

“தண்ணி ஒண்ணுக்கு ரெண்டே கால் வைங்க. அதுக்கு மேல வச்சா எங்கிட்ட வராதீங்க.”

கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பேசினார்கள். அறுவடை எப்போது, எத்தனை மாதம் வைத்திருந்த நெல், புளியோதரைக்கு ஆகுமா, எத்தனை பிள்ளைகள். பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் சுபலட்சுமி, வெள்ளிக்கிழமை திறந்ததும் தனக்குக் காளியாயி பையில்தான் ஐந்து கிலோ வேண்டும், வேறு பெயர் போட்டதைத் தலையில் கட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உமாமகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள இருபத்திரண்டும் முடியுமாம்மா?”

“முடியும் மேடம்.”

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்ல நேரமும் கிடைக்கவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிடம் பாயில் சண்டை ஆரம்பித்துவிட்டது. கடை வாசலில் முதல் அடுக்கில் யார் பை? புருஷன் பெயர் சேர்க்கலாமா கூடாதா? பட்டா அவர் பெயரில்தானே என்றார் ஒருத்தர். காளியாயி இடுப்பிலிருந்த பையை இறக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

“பட்டாவுல அவரு பேரு இருக்கட்டும். சேத்துல நிக்கிறது நானு. அம்மாசிங்கிறத சின்னதாக்கிக் கீழ போடு கண்ணு.”

கமலவல்லி அரிசி மூட்டைகளுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மாசியைச் சின்னதாக்கினாள். ஒரு ஓரத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து, ‘வண்டிய நிறுத்து’ என்று தலைப்புப் போட்டு முதல் வரியையும் தட்டிவைத்தாள். எட்டு வாரத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க மனமில்லை. சிரிப்பு தானாக வந்தது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சண்டையில் மும்முரமாக இருந்தார்கள்.

எல்லோரும் அல்ல. பக்கத்தில் யாரோ சத்தமில்லாமல் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். செயலாளர்.

“அடுத்தது என்னுது போடும்மா,” என்றார் உமாமகேஸ்வரி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “பேரு கொஞ்சம் நீளம். புள்ளி நெறைய ஆகும். பரவாயில்லையா?”