கடைசிப் பக்கமும் நானே படித்தேன்

என் பேத்தி நிலா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டதால் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. நானும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் குழி போட்டே கிழவன் ஆனவன்தான். படிப்பு மூன்றாவதோடு சரி.

இந்த வருசம் கோகிலவாணி என்று ஒரு டீச்சர் வந்தார். மத்தியானம் கடைசிப் பீரியடை வாசிப்பு நேரம் ஆக்கிவிட்டார். முதலில் பெரியவர் ஒருவர் ஒரு புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டுமாம். அப்புறம் அதிலிருந்து ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துச் சின்னதாக ஒரு பாடம். மீதி நேரம் பிள்ளைகள் தாங்களே படிக்க வேண்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாடம் நடத்த வந்தவருக்குக் கதை எதற்கு? நேரத்தை ஓட்ட ஒரு வழி என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமையானால் படித்துக் காட்ட வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டார்கள். முதல் ஆளாகக் கூப்பிட்டது என்னை அல்ல, என் சம்மந்தியை.

சம்மந்தி என்றால் மருமகள் மதுமதியின் அப்பா, வெள்ளியங்கிரி. பக்கத்து ஊர். ஈரோடு சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேரைக் கண்டால் குரலை உயர்த்திக்கொள்ளும் மனுசன்.

அன்றைக்குச் சாயங்காலம் நிலா குதித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பாரு, அப்புச்சி எங்க கிளாசுக்கு வந்தாரு! ஒவ்வொரு பக்கம் திருப்பறப்பவும் விசில் ஊதுனாரு. நாங்க ரைட் ரைட்னு கத்துனோம்!"

"கதை என்ன சாமி?"

"பாதியில நிறுத்திட்டாரு. மீதிய நாங்களே படிச்சோம்."

"அதான பாத்தேன். பாதி வழியில எறக்கி உட்டுட்டு போற ஆளுதான அவரு."

மதுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங் மாமா, காப்பியில சக்கரை பத்தலீங்களா? மூஞ்சி அப்படிப் போகுது?"

அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. லீவுக்குப் போனால் பார்க்கிற ஆள். நித்தம் தூக்கிச் சுமக்கிறவன் அப்பாவின் அப்பா, அப்பாரு நான். அவருக்கு விசில், எனக்குப் புத்தகப் பையா?

திங்கட்கிழமை பள்ளிக்கூட கேட்டிலேயே டீச்சரைப் பிடித்தேன்.

"ஏனுங்கம்மிணி, இந்தப் புள்ளைக்கு அப்பாருன்னு ஒருத்தன் இருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை நீங்களே வாங்க ஐயா."

ஒரு புத்தகமும் கொடுத்தார். லாரி கேபின் மேல் கூடு கட்டிய காக்காய், லாரி கிளம்பியதும் பின்னாலேயே பறக்கிற கதை. கடைசிப் பக்கத்துக்கு முன்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது.

"இது வரைக்கும் நீங்க படிங்க. அப்புறம் கேள்வி வந்தா குரலை எப்படித் தூக்கிப் படிக்கறதுன்னு ஒரு சின்னப் பாடம் நடத்துவேன். கடைசிப் பக்கத்தை ஒரு புள்ள எந்திரிச்சுப் படிக்கும்."

எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோட்டின் மேல்தான் கண். மூன்றாவது படித்த கிழவனுக்கு இதற்கு மேல் ஓடாது என்று போட்ட கோடு அது. வெள்ளியங்கிரிக்கு இப்படிக் கோடு போட்டிருப்பார்களா?

வெள்ளிக்கிழமை சலவை வேட்டி கட்டிப் போனேன். பிள்ளைகள் தரையில் வளைந்து உட்கார்ந்திருந்தன. படிக்க ஆரம்பித்தேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. சில சொல்லை எனக்கு முன்னால் ஒரு வாண்டு சொல்லிவிட்டது. அதை முறைத்துவிட்டு மேலே போனேன்.

கோட்டுக்கு வந்ததும் டீச்சர் கை காட்டினார். "போதுமுங்க ஐயா."

"அம்மிணி, குழி ஓட்டறப்ப நடுவுல மெசினை நிறுத்துனா மண்ணு சரிஞ்சு ராடைப் புடிச்சுக்கும். தண்ணியப் பாத்துட்டுத்தான் நிறுத்தோணும். செத்த இருங்க."

டீச்சர் ஏதோ சொல்ல வந்து, வயசுக்கு மரியாதை கொடுத்து நின்றுவிட்டார். நிலா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். என் அப்பாரு என்று பெருமையாக நிற்கிறாள் என நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன். கடைசிப் பக்கத்துக் கடைசி வரியை முடிக்கவும் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. பிள்ளைகள் கை தட்டின. நிலா தட்டவில்லை.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். "ஏஞ்சாமி, அப்புச்சி பாதிதான படிச்சாரு? நான் முழுசா முடிச்சன் பாத்தியா?"

"அது எம்பக்கம்."

"எது?"

"கடைசிப் பக்கம். நாந்தான் படிக்கோணும். அதுக்குத்தான் எந்திரிச்சு வந்து நின்னேன். நீங்களே படிச்சுப்போட்டீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

"அப்புச்சிகிட்டச் சொன்னேன். போன்ல படிச்சுக்கூடக் காட்டுனேன், பாதிதான் கேட்டுச்சு. அங்க போலாம். நான் முழுசாப் படிக்கோணும்."

ஒரே வீட்டில் இருக்கிறேன். என்னிடம் சொல்லாததை அவருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். வண்டியை வீட்டுக்கே திருப்பியிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போனால் அழுவாள். மதுமதி அப்பனுக்குப் போன் போட்டு நாலு சேர்த்துச் சொல்வாள். அதற்கு நேரே போவதே மேல் என்று பக்கத்து ஊருக்கு விட்டேன்.

வெள்ளியங்கிரி வாசலில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்க மச்சான், என்ன இந்நேரத்துல?"

நிலா எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மனுசன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நின்றபடி படித்தாள். 'என் கூடு எங்கே போகிறது?' என்று காக்காய் கேட்கிற இடம். நான் அதைப் போர்டு படிப்பதுபோலப் படித்திருந்தேன். அவள் குரலைத் தூக்கினாள். பக்கத்தில் யாரோ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் போல இருந்தது. டீச்சர் சொல்ல வந்த சின்னப் பாடம் அதுதான் போல. ஆனால் அந்தக் கேள்வியை அவள் அப்புச்சி மூஞ்சியைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் ஒரு ஓரமாக நின்றேன்.

படித்து முடித்ததும் வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார். "புள்ளைங்க கேட்டுதுன்னு வர்ற வெள்ளிக்கெழமையும் என்னையத்தான் கூப்புட்டிருக்காங்க மச்சான். நீங்களே போய்ப் படிச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்."

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இத்தனை வருசம் கூட்டத்தில் யாருக்கு எந்த சீட் என்று ஒதுக்கிய ஆள். இப்போது பிள்ளை எதிரில் எனக்கும் ஒரு சீட் ஒதுக்குகிறார்.

"நானும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். அன்னைக்கு முழுக் கதையும் அவளே படிக்கட்டும்."

அவர் மூஞ்சி சுருங்கிப்போனது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோசம் அதுதான்.

"விசிலாவது ஊதலாமுங்களா?" என்றார்.

"அதும் வேண்டாம்."

நிலா புத்தகத்தைப் பையில் வைத்தாள். "அதை நீங்க ரெண்டு பேரும் சொல்ல முடியாது. டீச்சர்தான் சொல்லோணும். எங்க டீச்சர் சொன்னா மட்டும்தான் படிப்பேன்."

எங்க டீச்சர் என்றபோது மலர்ந்ததுபோல அவள் முகம் விசிலுக்குக்கூட மலர்ந்திருக்காது. அப்பாருக்கும் இல்லை, அப்புச்சிக்கும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

வெள்ளியங்கிரி என் பக்கத்தில் வந்தார். "அந்த டீச்சரம்மிணிக்கு எந்த ஊருங்க மச்சான்?"

"ஜலகண்டாபுரம்னு சொன்னாங்க."

"தூரமாச்சே. மாத்தல் கீத்தல் வாங்கிட்டுப் போகாதுங்களா?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்துவிட்டதால் ஆமாம் போட மனசு வராமல் வண்டியைக் கிளப்பினேன்.