வலப்பக்கத்துலேர்ந்து எண்ணணும்

1984-ல நான் டில்லி முனிர்கால ரூம் எடுத்து வேலை தேடிட்டிருந்தேன். அப்போ எனக்கு ஒரு வேலை குடுத்தவங்க நவால் அக்கா, டில்லி பேச்சுல தீதி. ஜோர்டான்காரங்க, பக்கத்து யுனிவர்சிட்டில பிஎச்டி. அங்க இருந்த ஒரு அரபி ஸ்கூல்ல பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளைங்ககிட்ட, பொம்பளை எப்படி இருக்கணும், ஆம்பளை எப்படி இருக்கணும்னு முப்பது கேள்வி கேட்டிருந்தாங்க. "பொண்ணுக்குப் படிப்பைவிட கல்யாணம்தான் முக்கியம்", அந்த மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம். ஆமான்னா 1, இல்லவே இல்லன்னா 5. டிக் எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாத்து மார்க் கூட்டறது என் வேலை. அரபி ஒரு எழுத்து தெரியாது. கட்டம் எண்ண எதுக்கு அரபி?

அதிக மார்க்னா சுதந்திரமா யோசிக்கிற பிள்ளை. நாப்பத்தொண்ணாம் நம்பர் பொண்ணுதான் முதல்.

லிஸ்ட்டைக் காட்டணும்னு சொல்லித்தான் பிரின்சிபால் பர்மிஷனே குடுத்திருந்தான். பேர் இல்லையே, வெறும் நம்பர்தானேன்னு தீதியும் குடுத்துட்டாங்க. ஃபாரத்துக்கு ரோல் நம்பரையே அவன் போட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

ரெண்டு வாரம் கழிச்சு தீதி டிபார்ட்மெண்டுக்கு அழுதுட்டே வந்தாங்க. "ஜோதி பையா, பிரின்சிபால் நாப்பத்தொண்ணோட அப்பாவைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு கெட்டுப்போறான்னு சொல்லிட்டான். அவர் படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிட்டார். அங்க கல்யாணமாம்."

எப்படித் தேத்தறதுன்னு தெரியல. அசட்டுத்தனமா ஒரு காலி ஃபாரத்தை நீட்டி, "நீங்க போடுங்க தீதி, உங்க மார்க் எவ்வளவுன்னு பாப்போம்"னேன். மடமடன்னு போட்டாங்க. எண்ணிப் பாத்தேன்.

"என்ன தீதி, முப்பதும் ஒண்ணு! நீங்கதான் ரொம்ப அடக்கமான பொண்ணு போல."

அவங்க சிரிக்கல. "எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினே?"

"இடப்பக்கம்தான்."

"அரபி வலப்பக்கத்துலேர்ந்துடா."

நாப்பத்தொண்ணோட ஃபாரத்தை எடுத்தோம். டிக் எல்லாமே வலது ஓரத்துல. பாவம், அது எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்ன பொண்ணு. நிஜமா இல்லவே இல்லன்னு போட்டது பதினேழாம் நம்பர்.

"நானே போய் சொல்றேன் தீதி. என் தப்பு, அந்தப் பொண்ணைத் திருப்பிக் கூப்பிடுங்கன்னு கேக்கறேன்."

"சரி, அப்போ முதல்ல வந்தது யாருன்னு கேப்பான். என்ன சொல்லுவே?"

பதினேழோட ஃபாரத்தை அவங்க நாலா மடிச்சு பைக்குள்ள வெச்சாங்க. நான் பிரின்சிபால்கிட்ட போகல.

பதினேழு அந்த வருஷம் பரிட்சை எழுதுச்சாம். நாப்பத்தொண்ணோட பேர் என்னன்னு நான் கேக்கவேயில்ல.