நாலாம் சாக்கு

மட்டாஞ்சேரியில் இஞ்சி மணம் இன்னும் போகாத ஒரு பழைய கிடங்கு. உள்ளே ஐந்து சாக்குகள். ஐந்து வீடுகளின் ஒரு மாதத்துப் பிளாஸ்டிக் உறைகள். எந்த வீடு என்று சொல்லப்படவில்லை, எண் மட்டும்தான். ஒரு கண்காட்சிக்காக உறைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட வேண்டும். அந்த வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று ஊகித்துப் பலகையில் எழுத வேண்டும். ஞாயிறன்று வீட்டுக்காரர்களே வந்து பார்ப்பார்கள். யோசனை கோவிந்துடையது. அவனும் தன்யாவும் ஸ்வர்ணலதாவும் ஒரே கல்லூரி.

சாக்குகளைத் தந்தவர்கள், வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் வாங்கும் பெண்கள். கழுவிக் காயவைத்துக் கொடுக்காவிட்டால் வாங்கமாட்டார்கள். கடைசி நேரத்தில் ஒரு வீடு மறுத்துவிட, அந்தப் பெண்களில் ஒருத்தி தன் வீட்டுச் சாக்கையே கொடுத்துவிட்டாளாம்.

அது யாரென்று நாலாம் சாக்கை அவிழ்த்ததும் ஸ்வர்ணலதாவுக்குத் தெரிந்தது. ஒரு பால் கவருக்குள்ளிருந்து தங்கநிறச் சாக்லேட் உறை விழுந்தது. பள்ளுருத்தி பஸ் ஸ்டாப்பில் நின்று தனியாகத் தின்றுவிட்டு, அம்மா பார்க்காமல் அவளே மடித்து ஒளித்த உறை.

"நானூத்திப் பன்னிரண்டு," என்று தன்யா எண்ணி முடித்தாள். "ஷாம்பு, காப்பிப்பொடி, சோப்புப்பொடி, எண்ணெய். எல்லாம் குட்டிக் குட்டிப் பாக்கெட். ரெண்டாம் சாக்குல பதினொண்ணே பதினொண்ணு. பாவம், அவா என்னத்தச் சாப்பிடறாளோ."

"அப்ப எழுதிடலாம்," கோவிந்த் பிரஷ்ஷை எடுத்தான். "ரெண்டு, இல்லாத வீடு. நாலு, ஊதாரி வீடு."

"தினம் தலைக்கு ஷாம்பு போட்டுண்டு கண்ணாடியை விட்டு நகராத ராஜகுமாரி ஒருத்தி இருக்கா அங்க," என்றாள் தன்யா.

ஸ்வர்ணலதா தன் பின்னலை முதுகுப் பக்கம் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்காக அம்மா புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். பலகையின் மலையாளத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். 'ஊதாரி வீடு' என்று படிப்பாள். அதைத் தடுக்க வேண்டுமானால், அம்மாவுக்குக் கார்ப்பரேஷன் ஆபீஸில் வேலை என்று இவர்களிடம் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த பொய் உடைந்துவிடும்.

கோவிந்த் முதல் எழுத்தைப் போட்டுவிட்டான்.

"பிரஷ்ஷைக் கீழ வை. அந்த ராஜகுமாரி நான்தான்."

இருவரும் திரும்பினார்கள்.

"எங்க வீட்டுச் சாக்கு. பாட்டிலா வாங்க முடியாது. அன்னன்னைக்கு வேண்டியதை அன்னன்னைக்கு வாங்குவோம். அதான் நானூறு. சாக்கு தந்த சேச்சிமாரில் ஒருத்தி எங்கம்மா."

தன்யா அவள் பின்னலைப் பார்த்தாள். "தலைமுடி நிஜமாவே நல்லாத்தான் இருக்குடீ," என்றாள் கடைசியில்.

எண்ணிக்கை மட்டும் பார்த்துக் கட்டிவைத்த இரண்டாம் சாக்கைக் கோவிந்த் மறுபடி கொட்டினான். ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பா, பெரிய அரிசிப் பை. ஒரு கிலோ காப்பிப்பொடிக் கவரில் மார்க்கரால் தேதி எழுதியிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"எங்கப்பா கையெழுத்து."

"அட பாவமே, இல்லாத வீடு," என்றாள் ஸ்வர்ணலதா. கிடங்கு அதிரச் சிரித்தார்கள்.

பலகைகளைத் தூக்கிப் போட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பாக்கெட்டுகளும் வாசலில் திரைச்சீலையாகத் தொங்கின. அதை விலக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. பக்கத்திலேயே கோவிந்த் வீட்டுப் பதினொன்று.

ஞாயிறன்று அம்மா முப்பிடாதி புதுச் சேலையில் வந்தாள். திரையை விலக்கவில்லை. ஒவ்வொரு சரமாகத் தடவிக்கொண்டே வந்தவள் தங்கநிறத்தில் நின்றாள்.

"சொர்ணம்."

"என்னம்மா."

"மத்ததெல்லாம் நம்ம வீட்டுது. இது ஆரு தின்னது?"

"ராஜகுமாரி, சேச்சி," என்றான் கோவிந்த்.

முப்பிடாதி உறையை விரித்து, உள்பக்கம் ஒட்டியிருந்த சாக்லேட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தின்னது போகட்டும். கழுவாமப் போட்டிருக்கே. இதை எவ வாங்குவா?"

ஸ்வர்ணலதா உறையை அவிழ்த்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.