ஸ்வர்ணலதாவின் முட்டி வலி

1

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை காலை, தி.நகர் நடேசன் பூங்காவில் ஸ்வர்ணலதா ஆறு சுற்று நடந்தாள். அன்று மாலை சென்னை விமான நிலையத்தில் வீல்சேரில் உட்கார்ந்தாள்.

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் அவளே. லண்டனில் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு, அதே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். கணவர் வெள்ளைச்சாமிக்கு உஸ்மான் சாலைப் பக்கம் பாத்திரக் கடை, பூர்வீகம் திருநெல்வேலி. சொல்லி முடித்ததும் ஒன்று கேட்டாள்.

"பேர மாத்திருங்க. முடிவையும் கொஞ்சம் நல்லதா மாத்திருங்க. எழுதுறவங்கதான, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பெயரை மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மேகங்களுக்கு மேலே, ஜன்னல் வழியே ஸ்வர்ணலதா—"

(அடித்துவிட்டேன். அவளுக்குக் கிடைத்தது நடு இருக்கை.)

இரண்டாவது: "தள்ளாத காலோடு ஒரு தாய்—"

(அதுவும் இல்லை. அவள் காலில் ஒரு குறையும் கிடையாது.)

மகன் அஸ்வினின் போனிலிருந்து தொடங்குவதுதான் சரி. "அம்மா, நடுவுல இறங்கி வேற ஃப்ளைட் ஏறணும். ஒரு மணி நேரம்தான் இருக்கு. டிக்கெட்லயே வீல்சேர் கேட்டுப் போட்டுட்டேன், அவங்களே கொண்டுபோய் ஏத்தி விட்டுருவாங்க. யாராவது கேட்டா முட்டி வலின்னு சொல்லு."*

சென்னையில் வீல்சேர் தள்ளிய சக்திவேல் வழியெல்லாம் பேசினான். "எறங்கி நடந்துடாத மா, அந்தாண்ட ஆபீசர் பாத்துக்கினு கீறாரு. இன்னாவோ போ, ஃபாரின் போறப்பதான் எல்லா அம்மாவுக்கும் கால் நோவுது."

ஸ்வர்ணலதா சிரித்தாள். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தாள்.

* பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இது சகஜம். பயம் ஆங்கிலத்தின் மேல், கேட் எண்ணின் மேல். பழி காலின் மேல்.

3

விமானத்தில் பக்கத்து இருக்கை அஃப்சருன்னிசாவுக்கு. திருவல்லிக்கேணிக்காரி. அவளும் லண்டனுக்குத்தான். மறுநாள் காலை மகளுக்குச் சிசேரியன். அதற்குமுன் மகள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. ஏறும்போது ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்தவள்.

"உனுக்கும் வீல்சேரா? முட்டியா, இடுப்பா?"

"முட்டிக்கா."

"எந்தக் காலு?"

அஸ்வின் இதைச் சொல்லித் தரவில்லை. "ரெண்டும்."

அஃப்சருன்னிசா கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்தாள். "தேச்சுக்க. கூச்சப்படாத, நம்ம வயசுல இன்னா கூச்சம்?"

ஸ்வர்ணலதா வலியில்லாத இரண்டு முட்டியிலும் புடவைக்கு மேலாகவே தைலம் தேய்த்துக்கொண்டாள். இருவரும் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

4

சென்னையில் மழை. விமானம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. இறங்கிய இடம் வளைகுடாவில் ஒரு நகரம். அடுத்த கேட்டுக்கு விமான நிலையத்துக்குள்ளேயே ரயிலேற வேண்டும். விமான வாசலில் ஒரு வீல்சேர்தான் நின்றது. இன்னொன்று வரும் என்று தள்ளுகிறவர் கையைக் காட்டிச் சொன்னார். யார் முதலில்?



"நீ போ மா," என்றாள் அஃப்சருன்னிசா, சுவரைப் பிடித்துக்கொண்டு. "உனுக்கு ரெண்டு காலும் நோவுது. நான் பின்னாலயே வர்றேன்."

ஸ்வர்ணலதா உட்கார்ந்தாள்.

(இந்த ஒரு வரியை எத்தனை விதமாகவோ எழுதிப் பார்த்தேன். தயங்கி உட்கார்ந்தாள். கண்கலங்கி உட்கார்ந்தாள். "சும்மாதான் உக்காந்தேன்" என்று அவளே திருத்தினாள்.)

அவள் கேட்டை எட்டினாள். விமானத்தில் ஏறி, கதவு சாத்தும்வரை வாசலையே பார்த்தாள். அஃப்சருன்னிசா வரவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: அஃப்சருன்னிசாவை உட்காரவைத்துவிட்டு, அந்த வீல்சேரின் பின்னாலேயே அவள் நடந்து வந்திருக்கலாம். இருவருமே ஏறியிருக்கலாம்.

5

அவள் கேட்டதற்காக நல்ல முடிவு ஒன்றும் எழுதினேன். அதில் அவள், "எனக்கு ஒண்ணுமில்லக்கா, நீங்க உக்காருங்க," என்கிறாள். வீல்சேரின் பின்னால் விறுவிறுவென்று நடக்கிறாள். இருவரும் ஏறுகிறார்கள்.

பெஞ்சில் அதை வாசித்துக் காட்டினேன்.

"இதான். இதையே போட்டுருங்க," என்றாள். சற்று நேரம் கழித்து, "வேண்டாம். அந்தக்கா படிச்சா, அப்ப உனக்கு முட்டி வலியே இல்லையான்னு கேப்பாகள்லா?"

"அப்படியானால் நடந்ததையே எழுதட்டுமா?"

"அதுலயும் அதானே வரும்."



அவளை வீல்சேரிலிருந்து எழுப்பிவிட என்னால் முடியவில்லை. நீங்கள் எழுப்பிப் பாருங்கள். பொய்யை மறைத்துக்கொண்டே எழுப்ப ஒரு வழி கிடைத்தால்—

6

அஃப்சருன்னிசா அடுத்த விமானத்தில் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அன்றிரவே வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது: "பொண்ணு பொறந்துகீது மா. ரெண்டு பேரும் சொகம். உன் முட்டி எப்டி கீது?"

பரவாயில்லை என்று ஸ்வர்ணலதா பதில் அனுப்பினாள்.