துண்டுக்குள்ளே பேச்சு

சிவனணைந்தபெருமாளுக்குத் தன் கடையில் எந்தக் கை எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். தென்காசி ரதவீதியில் கயிறும் கழுத்துமணியும் மாட்டு லாடமும் விற்கிற கடை. யுத்தத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததும் லாடம் பொன்னாகிப் போச்சு, மனுஷனுக்குத் தூக்கமும் போச்சு. இருந்த லாடத்தை உள்ளறையில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தார்.

அப்பேர்ப்பட்டவர் கண் முன்னால், வேலையாள் சேக் தாவூது தோள்துண்டை எடுத்துக் கைமேல் போட்டால் சும்மா இருப்பாரா?

மாட்டுச்சந்தையில் தரகர்கள் அப்படித்தான். துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் பிடிபடாது. தாவூதும் முன்னே சந்தையில் தரகு பார்த்தவன்தான். ஆனால் இது கடையல்லவா? இங்கே எதையும் வாயால் சொல்லிவிடலாம். அதுவும் துண்டு விழுவது எல்லாருக்கும் இல்லை, கடையம் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் பலவேசத்துக்கு மட்டும்தான். பலவேசத்துக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது.

முதல் தடவை அவன் வந்தபோது இந்தக் கூத்தெல்லாம் இல்லை. காளை மாதிரித் தலையை ஆட்டி, மூக்கைப் பிடித்துக் காட்டி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டு மூக்கணாங்கயிறு கேட்டான். தெருவே கூடிச் சிரித்தது. பெருமாளும் கல்லாவில் உட்கார்ந்தபடி வயிறு நோகச் சிரித்தார். அடுத்த தடவையிலிருந்துதான் துண்டு.

"அவன்கிட்ட என்னலே ரகசியம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. சரக்குத்தான் கேக்கான்."

ஒண்ணுமில்லையாம். ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது துண்டு போடுவானா? லாடம்தான். உள்ளே பூட்டிக் கிடக்கிற சரக்குக்கு இவன் வெளியே பேரம் பேசுகிறான், கள்ளப்பய. கூட்டுக்கு ஊமையனாகப் பார்த்துல்லா பிடித்திருக்கிறான், போலீசு உதைத்தாலும் ஒரு வார்த்தை வெளியே வராது. அந்தச் சாமர்த்தியத்தை நினைக்க நினைக்கப் பெருமாளுக்கு வயிறு எரிந்தது. கையும் களவுமாகப் பிடித்து அன்றைக்கே தாவூதை விரட்டிவிடுவது என்று முடிவு கட்டினார்.

சாரல் விழுந்துகொண்டிருந்த சந்தை நாள், கடை முன்னால் நல்ல கூட்டம். பலவேசம் வந்தான். துண்டு விழுந்தது. பெருமாள் பூனை மாதிரி இறங்கி வந்து அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

உள்ளே லாடமும் இல்லை, சாவியும் இல்லை. தாவூதின் கைக்குள் பலவேசத்தின் மூன்று விரல்கள் இருந்தன.

"மூணு தாம்புக்கயிறு மொதலாளி," என்றான் தாவூது.

பலவேசம் பதறிப்போய்க் கையை ஆட்டினான். அந்தச் சத்தம் தொண்டையிலிருந்து வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன் அதே மாதிரி கத்திக் காட்ட, எல்லாரும் சிரித்தார்கள். பலவேசம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான்.

"சந்தையில துண்டுக்குள்ள இவன மிஞ்ச ஆள் கிடையாது," என்றான் தாவூது மெதுவாக. "அங்கன ஒருத்தனும் இவனப் பாத்துச் சிரிக்கமாட்டான் மொதலாளி. அதான் இங்கனயும் போட்டேன்."

பெருமாளுக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. அதற்குள் பலவேசம் கயிறும் வாங்காமல் தெருவில் இறங்கிவிட்டான். இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்று அவன் நடையிலேயே தெரிந்தது. பெருமாள் ஓடிப்போய் வழியை மறித்தார். பிடுங்கிய துண்டைத் தன் கைமேல் போட்டு நீட்டினார்.

பலவேசம் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தான். துண்டின் முனையைத் தூக்கி உள்ளேயும் பார்த்தான். வெறும் கைதான் என்று தெரிந்த பிறகே தன் கையை நுழைத்தான்.

விரல்கள் என்னவோ அழுத்தின, மடக்கின, தட்டின. பெருமாளுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. அவர் முழிக்கிற முழிக்குக் கூட்டம் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"ஏலே தாவூது, என்ன சொல்லுதான்?"

"எனக்கெப்படித் தெரியும் மொதலாளி? துண்டுக்குள்ளல்லா பேசுதான்."

பெருமாள் கையை எடுக்கவில்லை. பலவேசம் பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து விரலைப் பிடித்தான்.