என்ஜின் அண்ணனின் வெள்ளையணுக்கள்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் இளையவளான அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில், தனித்தனியே நிற்க வேண்டிய இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

ஒரே ஆளின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்கள். பாதியைச் சாதாரணக் காற்றுள்ள பெட்டியிலும் மீதியை ஆக்சிஜன் குறைத்த பெட்டியிலும் வளர்த்திருந்தாள். மூச்சு முட்டிய அணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டும் தெம்பை இழந்து, தம் மேற்பரப்பில் ஒரு களைப்புக் குறியைக் காட்டும். நல்ல காற்றில் வளர்ந்தவை காட்டக் கூடாது. இன்று இரண்டுமே காட்டின.

"தட்டை மாத்தி வச்சிருப்ப," என்றாள் பக்கத்து மேசை அக்கா. "டீயில உப்பைப் போட்டவதானே நீ!"

அந்த ஆய்வகத்தில் ஒருவர் சோதனைக்கு இன்னொருவர் கை நீட்டி ரத்தம் கொடுப்பார்கள். கூலி ஒரு காபி. அக்காவின் ரத்தத்தில் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. இது என்ஜின் அண்ணனுடையது. மூத்த விஞ்ஞானி, கூட்டத்தில் விளக்கை அணைத்தால் போதும், குறட்டை வண்டி கிளம்பிவிடும். அதனால் அந்தப் பெயர்.

அவரிடம் மறுபடி ரத்தம் வாங்கினாள். இந்த முறை எந்தப் பெட்டியிலும் வைக்காமல் உடனே பார்த்தாள்.

குறி இருந்தது.

அப்படியென்றால் இந்த அணுக்கள் மூச்சு முட்டியது பெட்டியில் இல்லை. அவருக்குள்ளே.

எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கியபடி அவர் அறைக்குப் போனாள். சாப்பிட்ட களைப்பில் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை அறையை அதிரவைத்தது. திடீரென்று நின்றது.

நெஞ்சு எழும்பப் பார்த்தது. காற்று உள்ளே போகவில்லை. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல் 'ஹக்' என்று இழுத்தார். வண்டி மறுபடி ஓடியது. மறுபடி நின்றது.

"என்னடி, கச்சேரி கேக்குறியா?" அக்கா வாசலில் நின்றாள்.

"நிக்குது அக்கா."

"எது?"

"மூச்சு."

அக்காவின் சிரிப்பு பாதியில் அறுந்தது. இத்தனை வருடமும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். நடுவில் வந்த அமைதியை ஒருவரும் கேட்கவில்லை.

வாய் திறந்து பேசவே கூசும் இளையவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா! எழுந்திரிங்க!"

"மீட்டிங் முடிஞ்சுதா?"

"தூங்கும்போது உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுண்ணா. டாக்டரைப் பாக்கணும்."

"குறட்டைக்கு டாக்டரா? உங்க அண்ணிகிட்ட சொன்னா சிரிப்பா."

"அண்ணிக்குத் தெரியாதா?"

"அவ எங்க கேட்டா? சத்தம் தாங்காம எப்பவோ அடுத்த ரூமுக்குப் போயிட்டா."

அவள் கையோடு கொண்டுவந்திருந்த சோதனைப் படத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தானே வந்திருக்கு. ஆக்சிஜன் கம்மியான பெட்டிதானே?"

"பெட்டிக்கே போகலண்ணா. உங்க கையிலேர்ந்து எடுத்ததும் பார்த்தது. இதை மட்டும் வச்சு முடிவா சொல்ல முடியாது. ஆனா இப்ப நானே கண்ணால பார்த்தேன்."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா எப்போது போனை எடுத்தாள் என்று தெரியவில்லை. மருத்துவமனையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே வரச் சொல்றாங்க."

சரி என்று தலையாட்டினார். எங்கே உட்கார்ந்தாலும் கண் அசருகிறவர், முதுகு நாற்காலியில் படாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.